வாசல் தொலைந்த மரவீடு

ராஜாக்களெல்லாம் கால் இருந்தும் பல்லக்கிலேயே போய்க்கொண்டிருந்த காலம் அது. மரம் பேசும், மலை கேட்கும், மனுஷர்கள் மட்டும் ஒருத்தர் சொல்வதை ஒருத்தர் காதில் வாங்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் வேங்கைநாடு என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே மாசிலாமணி என்று ஓர் உப்பு வியாபாரி. அவன் பெண்டாட்டி பூங்காவனம். அவர்களுக்கு அரும்பு என்று ஒரு கைக்குழந்தை.

வியாபாரி என்றதும் கப்பலும் கிடங்கும் என்று கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். இரண்டு கழுதை, அவற்றின் முதுகில் உப்பு மூட்டை, அவ்வளவுதான் மொத்த வியாபாரமும். குடியிருந்தது மாசிலாமணியின் அக்கா சௌந்தரவல்லி வீட்டு மாட்டுக்கொட்டகையில். ஒரு பக்கம் பசு, ஒரு பக்கம் இவர்கள். நல்ல பக்கம் பசுவுக்கு.

பூங்காவனத்திடம் ஒரு குணம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டி, "சரிங்க, அப்படியே ஆகட்டும்" என்பாள். குழம்பில் உப்பு போதாது என்றால் சரிங்க. அடுத்த ஆள் வந்து உப்பு கரிக்கிறது என்றால் அதற்கும் சரிங்க. 'தங்கமான பெண்' என்று ஊரே மெச்சியது. தங்கம்தான் தட்டுகிற பக்கமெல்லாம் வளைந்து கொடுக்குமே, அதனால் சொல்லியிருப்பார்கள்.

ஒரு நாள் சௌந்தரவல்லி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பூங்காவனம், பசு சினையா இருக்கு. மழைக்கு முன்னாடி கன்னு போட்டுடும். இடம் வேணும். நீங்க உங்க வழியைப் பாத்துக்குங்க."

"சரிங்க அண்ணி, அப்படியே ஆகட்டும்" என்றாள் பூங்காவனம். சொன்ன பிறகுதான் போக்கிடம் இல்லையே என்ற நினைப்பு வந்தது.

வேங்கைநாட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஊருக்கு வெளியே இருந்த மேட்டு நிலத்தில் யார் வேண்டுமானாலும் வீடு வைக்கலாம். ஐப்பசியின் முதல் மழைத்துளி விழுகிற நேரத்தில் அந்த வீட்டுக்குக் கூரையும் இருக்க வேண்டும், வாசலும் இருக்க வேண்டும். இருந்தால் அந்த மண் அவர்களுக்கே சொந்தம். இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாட்டைவிட்டே போக வேண்டியதுதான். இதைப் பார்வையிட ராஜாவே பல்லக்கில் வருவார்.

மாசிலாமணி கல் கொத்தனாரிடம் போனான். அவர் சொன்ன கூலியைக் கேட்டுத் திரும்பி வந்தான். செங்கல் சூளைக்குப் போனான். அங்கே சொன்ன விலையைக் கேட்டு இன்னும் வேகமாகத் திரும்பி வந்தான். கீற்று வேய்கிறவரிடம் போனான். அவர் இவன் வேட்டியின் கிழிசலைப் பார்த்துவிட்டு விலையே சொல்லவில்லை.

"சுவத்துக்குக் காசு இருந்தா கூரைக்கு இல்ல. கூரைக்கு இருந்தா சுவத்துக்கு இல்ல. என்ன பண்ணலாம்ங்கிற?" என்றான் பெண்டாட்டியிடம்.

"நீங்க என்ன சொன்னாலும் சரிங்க."

"நான் எங்கடி சொன்னேன்? உன்னைக் கேக்குறேன்."

அதற்கும் அவள் "சரிங்க" என்றாள்.

கடைசியில் காட்டோரம் இலுப்பை மரத்தடியில் பழைய வீடு விற்கிற உளியாண்டியிடம் இருவரும் போனார்கள். அவன் தச்சன் என்று சிலர் சொன்னார்கள், மாயாவி என்று சிலர் சொன்னார்கள். அவனிடம் விற்பதற்கு ஒரே ஒரு வீடுதான் இருந்தது. சின்னஞ்சிறு மரவீடு. ஓர் அறை, ஓர் அடுப்பு, ஒரு வாசல். அஞ்சறைப் பெட்டிக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. பூங்காவனத்துக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆனால் பிடித்திருக்கிறது என்று சொல்லிப் பழக்கமில்லாததால் சும்மா நின்றாள்.

"உன் கால் தண்டையைக் கழட்டிக் குடு. உன் புருஷன் ஒரு கழுதையைக் குடுக்கட்டும். வீடு உங்களுது" என்றான் உளியாண்டி.

மாசிலாமணிக்குச் சந்தேகம் வந்தது. "இவ்வளவு மலிவாவா? ஏன்?"

"மலிவா குடுத்தா ஏன்னு கேப்பீங்க. ஏமாத்தி விலை சொன்னா மூச்சு விட மாட்டீங்க. நல்ல ஊருய்யா இது! வீடு தங்கமான வீடு. சொன்ன பேச்சு கேக்கும். வண்டிகூட வேணாம், நீங்க முன்னாடி நடங்க, அது பின்னாடி வரும்."

அப்படியே வந்தது. கிறீச், கிறீச் என்று நடந்து வந்து மேட்டு நிலத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வாசல் வடக்கே பார்த்து இருந்தது.

மறுநாள் காலை பால் காய்ச்சினார்கள். ஒரு வாய் பால் குடிக்கக் கூப்பிட்டால் ஒன்பது குறை சொல்லிவிட்டுப் போவதுதானே உறவு முறை? முதலில் சௌந்தரவல்லி வந்தாள். நேற்றுவரை இவர்களை மாட்டோடு மாடாகக் கட்டி வைத்திருந்தவளுக்கு இன்றைக்கு வாஸ்து முழுக்க மனப்பாடம்.

"ஏண்டி, வாசலை வடக்க பாத்தா வைப்பாங்க? கிழக்க பாத்து இருந்தாத்தானே லட்சணம்?"

"சரிங்க அண்ணி, அப்படியே ஆகட்டும்."

கிறீச்!

பூங்காவனம் பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். வாசல் கிழக்கே இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். கிழக்கேதான் இருந்தது.

"ஏங்க, வாசல் வடக்குப் பக்கம்தானே இருந்துச்சு?"

"அப்படித்தான் நினைக்கிறேன். இல்ல, கிழக்கதான் இருந்துச்சோ?" என்றான் மாசிலாமணி. குழந்தை ராத்திரியெல்லாம் தூங்க விடவில்லை, அதனால் இருக்கும் என்று இரண்டு பேரும் தலையைச் சொறிந்துகொண்டார்கள். பூங்காவனத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்து வந்தார் மாசிலாமணியின் சித்தப்பா துரைக்கண்ணு. பாலைக் குடித்தார், மீசையைத் துடைத்தார், அடுப்பைப் பார்த்தார்.

"என்னம்மா இது? அடுப்பு அக்கினி மூலையில இல்ல இருக்கணும்? தென்கிழக்கு! தென்கிழக்கு!"

"சரிங்க சின்ன மாமா, அப்படியே ஆகட்டும்."

கிறீச்!

அடுப்பு எரிந்தபடியே நகர்ந்து போய்த் தென்கிழக்கு மூலையில், வாசலை ஒட்டி உட்கார்ந்துகொண்டது. சித்தப்பா வெளியே போக எழுந்தவர் அடுப்பைத் தாண்டித்தான் போனார். வேட்டியின் கரை கருகியது. "யாரம்மா வாசல்ல அடுப்பை வச்சது, அறிவு கெட்டதுங்க!" என்று திட்டிக்கொண்டே போனார்.

பூங்காவனம் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். அரிசிப் பானை ஒரு மூலையில் இருந்தது, அதை வைத்தது வேறு மூலையில் என்று தோன்றியது. தூளியை விட்டம் நடுவில் கட்டியிருந்தாள், அது இப்போது ஓரத்தில் தொங்கியது. தன் வீட்டுக்குள்ளேயே வழி கேட்டு நடக்கிற நிலைமை வந்துவிட்டது.

மூன்றாவதாக வந்தார் ஜோசியர் நாகலிங்கம். அவர் உள்ளேகூட வரவில்லை. குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, மாசிலாமணியை உப்பு மூட்டைகளை அடுக்கச் சொல்லிவிட்டு, பூங்காவனம் மட்டும் ஒரு குவளைப் பாலோடு வெளியே வந்தாள். ஜோசியர் பாலை வாங்கிக்கொண்டு விரலை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

"உன் புருஷன் நட்சத்திரத்துக்குக் கிழக்கு வாசல் ஆகாது."

"அப்ப தெற்குங்களா ஐயா?"

"உன் நட்சத்திரத்துக்குத் தெற்கு ஆகாது. குழந்தைக்கு மேற்கு ஆகவே ஆகாது. வடக்கு குபேரன் இடம், அங்க போய் ஓட்டை போடலாமா?"

"அப்ப எந்தத் திசையிலதான் ஐயா வாசல் வைக்கிறது?"

"இந்த வருஷம் வாசலே வேணாம். அடுத்த தை மாசம் பாப்போம்."

பெரியவர் சொல்கிறார். பூங்காவனத்தின் தலை அது பாட்டுக்கு ஆடியது. "சரிங்க ஐயா, அப்படியே ஆகட்டும்."

கிறீச்!

வாசல் இருந்த இடத்தில் பலகை வந்து ஒட்டிக்கொண்டது. நாலு பக்கமும் சுவர். உள்ளே புருஷன், உள்ளே குழந்தை, வெளியே இவள்.

"பூங்காவனம்!" என்று உள்ளேயிருந்து மாசிலாமணி கத்தினான். "விளையாடாத! வாசலை எங்க வச்ச?"

"நான் எங்கேயும் வைக்கலங்க! நானும்தான் தேடுறேன்!"

"அடுப்பும் அணைஞ்சுபோச்சு, இங்க ஒரே இருட்டா இருக்கு! நான் எந்தப் பக்கம் நிக்கிறேன்னு எனக்கே தெரியல!"

அவள் வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தாள். இரண்டாவது சுற்று சுற்றினாள். மூன்றாவது சுற்றில் எங்கே ஆரம்பித்தோம் என்பதே மறந்துவிட்டது. அதற்குள் பால் குடிக்கிற நேரம் வந்து அரும்பு சிணுங்கினாள். சிணுங்கல் அழுகையானது. அழுகை வீறிடலானது. பூங்காவனத்தின் ரவிக்கை நனைந்தது. கைக்கெட்டும் தூரத்தில் குழந்தை, நடுவில் பலகை. மேலே பார்த்தால் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

சத்தம் கேட்டு ஊர் கூடிவிட்டது. யோசனை சொல்ல ஆளா இல்லை?

"கூரையைப் பிரிச்சு எடுங்கடி!" என்றாள் சௌந்தரவல்லி.

"சரிங்க அண்ணி..."

கிறீச்! கூரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. "ஐயோ, மழை வரப்போகுது, உப்பெல்லாம் கரைஞ்சிடும்! மூடு, மூடு!" என்று உள்ளேயிருந்து மாசிலாமணி அலறினான். "மூடச் சொல்றான், மூடேன்!" என்றார் யாரோ. "சரிங்க." கூரை பட்டென்று மூடிக்கொண்டது.

"சுவத்தைத் தள்ளும்மா!" என்றார் சித்தப்பா.

"சரிங்க சின்ன மாமா..."

கிறீச்! சுவர் உள்பக்கமாக நகர்ந்தது. "ஏய்! சுவர் கிட்ட வருது! யாருடி சுவத்தைத் தள்ளுறது? நசுங்கிடுவோம்டி!"

பூங்காவனம் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். சுவர் அப்படியே நின்றது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அண்ணி சொன்னதாலோ சித்தப்பா சொன்னதாலோ வீடு நகரவில்லை. ஒவ்வொரு தடவையும் அது நகர்ந்தது இவள் சரி என்று சொன்ன பிறகுதான்.

பலகையில் வாயை வைத்து மெதுவாகக் கேட்டாள். "வீடே, நீயா இதெல்லாம் பண்ற?"

பலகை முனகியது. மரம் பேசுகிற குரல் அது, காய்ந்த கிளை உரசுகிற மாதிரி. "நான் என்ன பண்ணுவேன் தாயி? உளியாண்டி என்னைக் கட்டிப்போட்டு வச்சிருக்கான். வீட்டுக்காரி எதுக்கு சரின்னு சொல்றாளோ அதுக்கு நான் ஆடணும். வாங்கினவங்க எல்லாம் பயந்து ஓடிடுவாங்க, நான் அவன்கிட்டயே திரும்பி நடந்துடுவேன். அவன் மறுபடி விப்பான். கிழக்குன்னாங்க, போனேன். அடுப்புன்னாங்க, நகத்தினேன். இப்ப எனக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம்னே தெரியல. எனக்குத் தலை சுத்துது தாயி."

"எனக்கும்தான்" என்றாள் பூங்காவனம்.

அந்த நேரம் பார்த்து தாரை ஊதியது. தம்பட்டம் அடித்தது. மேட்டு நிலத்தில் ராஜாவின் பல்லக்கு வந்து நின்றது. ராஜா திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"இது என்ன, வீடா, பெட்டியா? வாசல் எங்கே?"

உள்ளேயிருந்து குழந்தை வீறிடுவது கேட்டது.

"பிள்ளை அழுகிறது போலிருக்கிறதே. பயப்படாதே பெண்ணே, நான் ஒரு நல்ல யோசனை சொல்கிறேன்" என்றார் ராஜா. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் யோசனை சொல்வதில் அவருக்கும் சௌந்தரவல்லிக்கும் கிரீடம் ஒன்றுதான் வித்தியாசம். "இந்த நாட்டில் குட்டை வாசல் எனக்குப் பிடிக்காது. ஏழு நிலை வாசல் வை. யானை நுழைகிற உயரம் இருக்கட்டும். இப்போதே வைத்தால் மண் உன்னுடையது."

ஊரே அவளைப் பார்த்தது. "ராஜாவே சொல்றாரு, சரின்னு சொல்லுடி!" என்று சௌந்தரவல்லி இடித்தாள். "சொல்லும்மா!" என்றார் சித்தப்பா. ஜோசியர்கூட, ராஜா சொன்னால் எல்லாத் திசையும் ஆகும் என்று தலையசைத்தார்.

வாசல் கிடைக்கும். மண் கிடைக்கும். ஒரே ஒரு சொல்தான் பாக்கி. பூங்காவனத்தின் தலை பழக்கத்தில் ஆட ஆரம்பித்தது. அப்போது பலகை அவள் முதுகில் நடுங்கியது.

"தாயி, நான் சின்ன வீடு. ஏழு நிலை வாசலை என்னால தாங்க முடியாது. நீ சரின்னு சொன்னா நான் வச்சுத்தான் ஆகணும். வச்சா இடிஞ்சு உள்ள இருக்கிறவங்க மேலேயே விழுவேன்."

ஆடின தலை நின்றது. பூங்காவனத்துக்கு உள்ளேயிருந்து ஒரு சொல் ஏறி வந்தது, பிறந்ததிலிருந்து அவள் விழுங்கி விழுங்கி வைத்திருந்த சொல். அது வெளியே வர வழி தெரியாமல் முட்டியது. அவள் முகம் சிவந்தது, கண் பிதுங்கியது.

"முடியாது" என்றாள்.

"என்ன?" என்றார் ராஜா. அவருக்குக் கோபம்கூட வரவில்லை. அந்தச் சொல்லை அவர் இதற்கு முன் கேட்டதே இல்லை.

"முடியாதுங்க மகாராஜா! ஏழு நிலை முடியாது, ஒரு நிலை போதும். உள்ள என் குழந்தை இருக்கு!"

டப்! என்று வீட்டுக்குள் ஏதோ அறுந்தது. கட்டி வைத்த கயிறு அறுகிற சத்தம். வீடு ஒரு பெருமூச்சு விட்டது. சுவர் தன் இடத்துக்குத் தானே திரும்பிப் போயிற்று.

"கட்டு விட்டுப் போச்சு தாயி!" என்றது வீடு. "இத்தனை பேர் என்னை வாங்கினாங்க, ஒருத்தி வாயிலயும் அந்தச் சொல் வரல. இப்ப நீயே சொல்லு. உனக்கு எங்க வேணும் வாசல்?"

பூங்காவனம் விழித்தாள். எனக்கா? எனக்கு எங்கே வேண்டும்? இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை, அவளும் தன்னிடம் கேட்டதில்லை. கிழக்கா என்று பார்த்தாள், அது அண்ணியுடையது. வடக்கா என்று பார்த்தாள், அது குபேரனுடையது. அவளுக்கென்று ஒரு திசைகூட மிச்சமில்லாத மாதிரி இருந்தது. சுற்றி நின்றவர்கள் கிழக்கு, மேற்கு என்று மறுபடி முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"எல்லாரும் சும்மா இருங்க!" என்று கத்தினாள்.

எல்லாரும் சும்மா இருந்தார்கள். ராஜாவும்தான்.

அந்த அமைதியில் அரும்பின் அழுகை கேட்டது. வீறிட்டு வீறிட்டு ஓய்ந்துபோன, கரகரத்த குரல். பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளங்கையைப் பலகையில் வைத்துத் தடவிக்கொண்டே நடந்தாள். இங்கே குரல் தூரமாக இருந்தது. இங்கே கொஞ்சம் கிட்டே. இங்கே, கைக்குக் கீழேயே பலகை அதிர்ந்தது.

"இங்க" என்றாள்.

அது கிழக்கும் இல்லை, வடக்கும் இல்லை. இரண்டு சுவர் சேர்கிற ஒரு கோணல் மூலை. எந்த வாஸ்துவிலும் அந்த இடத்துக்கு வாசல் கிடையாது. அங்கே பலகை மெத்தென்று திறந்தது. குட்டையான, அவள் உயரத்துக்கு மட்டுமே ஆன வாசல். வாசலுக்கு நேரே தூளி. பூங்காவனம் ஓடிப் போய்க் குழந்தையை வாரி எடுத்து, அங்கேயே தரையில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். மாசிலாமணி உப்பு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்து, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"இந்தப் பக்கமா இருந்துச்சு வாசல்?" என்றான்.

"இனிமே இந்தப் பக்கம்தான்" என்றாள் அவள்.

முதல் துளி விழுந்தது. ராஜாவின் கிரீடத்தில் டிங் என்று கேட்டது. அவர் வீட்டின் மேலே பார்த்தார், கூரை இருந்தது. கீழே பார்த்தார், வாசல் இருந்தது. தன்னிடம் முடியாது என்று சொன்னவளை என்ன செய்வது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கிரீடத்தைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "சட்டம் சட்டம்தான். மண் இவளுடையது" என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். பல்லக்கு நனைந்துகொண்டே போயிற்று.

மழை வலுத்தபோது, நனைந்த கோழி மாதிரி உளியாண்டி வந்து சேர்ந்தான். வீட்டுக்கு விலையாக வாங்கின கழுதையின் முதுகில் உட்கார்ந்திருந்தான். வாங்கினவர்கள் இந்நேரம் ஓடியிருப்பார்கள், வீட்டை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று கணக்கு. கையைத் தட்டினான்.

"வா வீடே, போகலாம்!"

"முடியாது" என்றது வீடு.

உளியாண்டிக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று சந்தேகம். இன்னும் பலமாகத் தட்டினான். "வான்னு சொல்றேன்ல!"

"முடியாது."

மூன்றாவது தடவை மந்திரத்தைச் சொல்லித் தட்டினான். "முடியாது" என்று வீடு சொன்னதோடு, பூங்காவனமும் சொன்னாள், மாசிலாமணியும் சொன்னான். போதாததற்கு அந்தக் கழுதையும் அவனைக் கீழே தள்ளிவிட்டு, தன் பழைய எஜமானிடம் போய் நின்றுகொண்டது. மந்திரம் போன மாயாவி வெறும் தச்சன்தானே? தண்டையை மடியிலிருந்து எடுத்து வாசற்படியில் வைத்துவிட்டு மழையில் நடந்தான். அதற்குப் பிறகு அவன் முக்காலிதான் செய்து விற்றான், மூன்று காலும் ஒரே இடத்தில் நிற்கிற முக்காலி.

சௌந்தரவல்லி தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். நாக்கு துறுதுறுத்தது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு பூங்காவனம். ஆனா இந்த மூலையில போய் வாசல்..."

பூங்காவனம் குழந்தையைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லாமல், அவசரமில்லாமல் சொன்னாள்.

"அண்ணி, மழையில நிக்காதீங்க. உள்ள வாங்க. வந்து சும்மா உக்காருங்க."

சௌந்தரவல்லி உள்ளே வந்து சும்மா உட்கார்ந்தாள். வெளியே ஊரெல்லாம் மழை, உள்ளே ஒரு சொட்டு இல்லை. புருஷன், பெண்டாட்டி, குழந்தை மூன்று பேரும் அந்தச் சின்ன வீட்டில் வெகு காலம் நன்றாக வாழ்ந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த நீங்களும் நன்றாக வாழுங்கள், அவரவர் வாசல் அவரவருக்குப் பிடித்த பக்கம் இருக்கட்டும்.